அந்தப் பொண்ணு இருக்காளா?

எங்கள் கம்பெனிக்கு போன் செய்தவர்கள் எங்களிடம் அதிகம் கேட்ட கேள்வி, "அந்தப் பொண்ணு இருக்காளா?" என்பதுதான். நான் போனை எடுத்து, பெயரைச் சொல்லி, என்ன பிரச்சினை என்று கேட்பேன். எதிர்முனையில் சின்னதாக ஒரு தயக்கம் வரும். பிறகு இந்தக் கேள்வி வரும். அவள் வேறொருவரோடு பேசிக்கொண்டிருக்கிறாள், நானே பார்க்கிறேன் என்றால், "பரவால்ல, நான் வெய்ட் பண்றேன்" என்பார்கள். கோளாறை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருக்க அவர்களால் முடிந்தது. என்னிடம் கொடுக்க மனம் வரவில்லை.

அந்தப் பொண்ணு என் தோழி. கம்பெனியை நாங்கள் இருவரும் சேர்ந்துதான் தொடங்கினோம்.

நாங்கள் சந்தித்தது தேனாம்பேட்டையில், அண்ணா சாலையை ஒட்டிய ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் நான்காவது மாடியில். ஆஸ்திரேலியாவில் இருப்பவர்களின் கம்ப்யூட்டர்களையும் பிரிண்டர்களையும் இங்கிருந்தபடியே சரிசெய்து கொடுக்கும் வேலை. விடியற்காலை ஷிப்ட். வேன் என்னை மயிலாப்பூரில் ஏற்றிக்கொண்டு ராயப்பேட்டைக்குப் போகும். அவள் வீட்டுச் சந்து முனையில் டிரைவர் ஹாரனை அடித்துக்கொண்டே இருப்பார். ஈரத் தலையும் கையில் பாதி கடித்த பன்னுமாக ஓடிவருவாள். அவள் அம்மா அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ், அப்பா பங்குக் கோயில் பள்ளியில் கிளார்க். வேனில் ஏறியதும் என் தோளில் சாய்ந்து தூங்கிவிடுவாள்.

அங்கே ஒரு அழைப்பை எத்தனை நிமிடத்தில் முடிக்கிறோம் என்பதுதான் எல்லாம். எங்கள் டீமிலேயே வேகமாக முடிப்பவள் நான். சுவரில் தொங்கிய பலகையில் பல மாதங்கள் என் படம் இருந்தது. அவள் படம் ஒருமுறைகூட வரவில்லை. மேனேஜர் அவளைக் கூப்பிட்டு, "கஸ்டமரோட நாய்க்குட்டி பேரெல்லாம் உனக்கு எதுக்கு?" என்று திட்டுவார். வெளியே வந்து என்னிடம் நாய்க்குட்டியின் பெயரைச் சொல்லிச் சிரிப்பாள். அந்த நாட்களில் எனக்கு அவள்மேல் பிரியம் மட்டும்தான் இருந்தது. பொறாமைக்கு அப்போது எனக்குத் தேவை இருக்கவில்லை.

ஒருநாள் அந்த மாடியையே மூடிவிட்டார்கள். வேலை வேறு ஊருக்குப் போய்விட்டது என்றார்கள். வீட்டில் உட்கார்ந்திருந்த நாட்களில் எங்கள் தெரு மாமா மாமிகள் ஒவ்வொருவராக வந்து என்னைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். பிள்ளைகள் அமெரிக்காவில், கம்ப்யூட்டர் இங்கே. பிரிண்டர் ஓடவில்லை, பாஸ்வேர்ட் மறந்துவிட்டது, பேரன் முகம் திரையில் வருகிறது ஆனால் குரல் வரவில்லை. நான்கு நாள் மாடிப்படி ஏறி இறங்கிய பிறகு எனக்கு அந்த யோசனை வந்தது. ஆஸ்திரேலியாவுக்குச் செய்ததை மாட வீதிக்குச் செய்தால் என்ன?

யோசனை என்னுடையது. கம்பெனிக்குப் பெயர் வைத்ததும் நான். ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஆபீசுக்கு ஒரு அறையைப் பிடித்தது நான். இதையெல்லாம் இங்கே எழுதும்போதே எனக்குத் தெரிகிறது, இன்னும் யாரிடமோ வாதாடிக்கொண்டிருக்கிறேன்.

அவளிடம் சொன்னபோது ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. "நீ மூள, நான் வாயி. சரியாடி?" என்றாள்.

வேலை இதுதான். போன் வரும். அவர்கள் தங்கள் கம்ப்யூட்டரில் ஒரு சின்ன சாப்ட்வேரை இறக்கிக்கொண்டு, அதில் தெரியும் ஒன்பது இலக்க எண்ணைப் படித்துச் சொல்வார்கள். அதை இங்கே போட்டால் அவர்களுடைய திரை எங்களுக்குத் தெரியும். அவர்கள் மவுஸை நாங்கள் நகர்த்தலாம். முதல் தடவை பார்ப்பவர்கள் பதறுவார்கள். "ஐயோ, அம்பு தானா ஓடறதே!" என்று ஒரு மாமி கம்ப்யூட்டர் வயரையே பிடுங்கிவிட்டாள். நான் எண் கிடைத்ததும் உள்ளே போய் முடித்துவிட்டு வந்துவிடுவேன். அவள் அப்படி இல்லை. "மாமி, இப்ப நான் உள்ள வரேன். அம்பு நவுந்தா பயப்படாதீங்க, அது நான்தான்" என்பாள். மயிலாப்பூர் என்றால் மாமி, ஐஸ் ஹவுஸ் பக்கம் என்றால் பாய், சாந்தோம் என்றால் ஆன்ட்டி. யாரை எப்படிக் கூப்பிட வேண்டும் என்று அவளுக்கு முதல் 'ஹலோ'விலேயே தெரிந்துவிடும்.

ஊரே வீட்டுக்குள் அடைந்து கிடந்த மாதங்களில்தான் எங்கள் கம்பெனி வளர்ந்தது. எல்லோருக்கும் எல்லாமே திரையில் நடக்க வேண்டியிருந்தது. அடையாறில் இருந்த ஒரு பாட்டு டீச்சர் அப்போதுதான் அழைத்தார். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறார். தம்பூராவைப் போட்டால் இரண்டு நொடியில் சத்தம் காணாமல் போய்விடுகிறது. அவரே ஸ்வரத்தை நீட்டிப் பிடித்தாலும் நடுவில் அறுந்துவிடுகிறதாம். இரண்டு மைக் மாற்றிவிட்டார். அழுகிற நிலையில் இருந்தார்.

என் தோழி அவரைப் பாடச் சொன்னாள். மறுபடியும் பாடச் சொன்னாள். கால் மணி நேரம் கேட்டுக்கொண்டே இருந்தாள். பக்கத்தில் இன்னொரு ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு நானும் கேட்டேன். ஒரே மாதிரி தொடர்ந்து வரும் சத்தத்தை ஃபேன் சத்தம் என்று நினைத்து அந்த சாப்ட்வேரே அழித்துவிடுகிறது என்று எனக்குச் சட்டென்று பட்டது. எந்த செட்டிங்கை அணைக்க வேண்டும் என்று ஒரு காகிதத்தில் எழுதி அவள் பக்கம் தள்ளினேன். அவள் அணைத்தாள். தம்பூரா அறுபடாமல் ஒலித்தது. டீச்சர் ஒரு ஸ்வரத்தைப் பிடித்து, மூச்சு முடியும்வரை விடாமல் பாடினார்.

"நீ நன்னா இருக்கணும்டி குழந்தே" என்றார் டீச்சர்.

"கண்டுபுடிச்சது என் ஃப்ரெண்டு, மாமி. நான் சும்மா பட்டனத்தான் தட்டுனேன்."

"அவளுக்கும் சொல்லு. நீ எத்தனை பொறுமையாக் கேட்டே!"

அந்த வருட நவராத்திரிக்கு டீச்சர் வீட்டிலிருந்து ஒரு பை வந்தது. சுண்டல், வெற்றிலை பாக்கு, மாம்பழ நிறத்தில் ஒரு ரவிக்கைத் துணி. பையில் குத்தியிருந்த சீட்டில் 'பேசிய பொண்ணுக்கு' என்று எழுதியிருந்தது. அவள் துணியை எடுத்து என் மேசையில் வைத்தாள். "உன்னுதுடி இது" என்றாள். "உனக்குத்தானே வந்திருக்கு" என்று திருப்பிக் கொடுத்தேன். சிரித்துக்கொண்டுதான் கொடுத்தேன். சுண்டலைச் சாப்பிட்டேன். துணியின் நிறம் மட்டும் இன்றுவரை நினைவிருக்கிறது.

பிறகு தி. நகருக்கு வந்தோம். ஜவுளிக் கடைகளுக்குப் பின்னால் ஒரு தெருவில் இரண்டாவது மாடி. பன்னிரண்டு பேர் வேலைக்கு இருந்தார்கள். புதிதாக வருபவர்களுக்குக் கோளாறுகளை நான் கற்றுக்கொடுத்தேன். ஆனால் அவர்கள் அவளைப் போலப் பேசப் பழகினார்கள். "அம்பு நவுந்தா பயப்படாதீங்க" என்று ஒவ்வொரு மேசையிலிருந்தும் கேட்கும். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். என் வாயிலிருந்து வந்த ஒரு சொல்லைக்கூட யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

அவளுடைய அழைப்புகள் நீளம் என்பது எல்லோருக்கும் தெரியும். அதை வைத்து ஏதாவது செய்யலாம் என்று எனக்குத் தோன்றியது. ஒரு அழைப்புக்கு இத்தனை நிமிடம்தான் என்று விதி போட வேண்டும், அதற்கு முன்னால் ஆதாரம் வேண்டும். ஒரு சனிக்கிழமை மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் அந்த மாதத்து அழைப்புகளை நீளத்தின்படி வரிசைப்படுத்தினேன். மேலே இருந்த நான்கும் அவளுடையவை. நான்கும் ஒரே எண்ணிலிருந்து வந்தவை. என் அப்பாவின் எண்.

அப்பா கல்லூரியில் கெமிஸ்ட்ரி சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். மயிலாப்பூரில் நானும் அவரும் மட்டும்தான் வீட்டில். உச்சரிப்பில் கறாரானவர். என் தோழி முதன்முதலாக வீட்டுக்கு வந்து "இன்னா மாமா, சௌக்கியமா கீறீங்களா?" என்று கேட்டபோது அவர் முகம் சுளிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். காலையில் எழுந்ததும் டேப்லெட்டில் குறுக்கெழுத்துப் போடாமல் காபி குடிக்கமாட்டார்.

எங்களுக்கு வரும் அழைப்புகள் எல்லாமே பதிவாகும். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு முதல் பதிவைப் போட்டேன்.

"குழந்தே, இந்தக் கட்டமெல்லாம் வளையறதும்மா. நடுவுல ஏதோ உள்ள இழுத்துக்கற மாதிரி இருக்கு. பழசுலயும் இப்படித்தான் இருந்தது. அவகிட்ட சொன்னேன், உடனே புதுசு வாங்கிக் குடுத்துட்டா. இதுலயும் வளையறது."

எனக்கு அந்தக் காலை நினைவுக்கு வந்தது. செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன். "ஸ்க்ரீன் போயிடுத்துப்பா, புதுசு வாங்கிடலாம்" என்றேன். சாயங்காலமே வாங்கி வந்துவிட்டேன்.

பதிவில் அவள் எண்ணைக் கேட்டு உள்ளே போகிறாள். "மாமா, நான் இப்ப உங்க கட்டத்தத்தான் பாத்துகினு கீறேன். எனுக்கு நேராத்தான் கீது."

"நேராவா இருக்கு?"

"ஆமா மாமா. ஒண்ணு செய்ங்க. டேப்லெட்ட வெச்சிட்டு எதிர்ல வாசக்கதவு கீதுல்ல, அந்த நெலையப் பாருங்க. ஒரு கண்ண மூடிக்கினு பாருங்க. இப்ப அடுத்த கண்ணு."

தெருவில் போகும் காய்கறி வண்டியின் குரல் மட்டும் பதிவாகியிருந்தது.

"வலது கண்ணுல வளையறதும்மா" என்றார் அப்பா. வகுப்பில் தவறான விடையைத் தானே கண்டுபிடித்தவர் போலச் சொன்னார்.

"அப்ப கோளாறு டேப்லெட்டுல இல்ல மாமா. எங்கம்மா ஆஸ்பத்திரில வேல செய்யசொல்லோ இத சொல்லிகீறாங்க. கண்ணுக்குள்ள பின்னால ஏதோ. ஒடனே காட்டணும். அவளாண்ட நான் சொல்றேன்."

"வேண்டாம். அவ நல்ல பொண்ணு. எதைச் சொன்னாலும் ரெண்டு நிமிஷத்துல முடிச்சுடுவா. இதுக்கு முடிவு உண்டோ இல்லையோ தெரியலையே. தெரிஞ்சப்புறம் நானே சொல்லிக்கறேன்."

மற்ற மூன்று பதிவுகளையும் கேட்டேன். புதன்கிழமை லீவு போட்டு அவரைக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போயிருக்கிறாள். கண்ணில் ஊசி போட்டிருக்கிறார்கள். மாதா மாதம் போட வேண்டும், போனது வராது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். ஊசி எப்படி இருந்தது என்று அப்பா விவரிக்கிறார், அவள் 'ஐயோ மாமா' என்கிறாள், பிறகு இருவரும் எதற்கோ சிரிக்கிறார்கள்.

இதை மறைக்காமல் எழுத வேண்டும். அப்பாவின் கண்ணைப் பற்றிய பயம் எனக்கு இரண்டாவதாகத்தான் வந்தது. முதலில் வந்தது, அவளிடம் போய்ச் சொல்லியிருக்கிறாரே என்பதுதான்.

அன்று சாயங்காலம் அப்பாவிடம் எதுவும் கேட்கவில்லை. திங்கட்கிழமை காலை எல்லோருக்கும் செய்தி அனுப்பினேன். இனி ஒரு அழைப்பு பத்து நிமிடத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் என் அனுமதி வேண்டும்.

மதியம் அவள் சாப்பாட்டு டப்பாவோடு என் தடுப்புக்குள் வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"இன்னாடி இது, பத்து நிமிஷம்?"

"நெறைய பேர் காத்துண்டிருக்கா. ஒருத்தர்கிட்டயே அரை மணி பேசினா மத்தவா என்ன பண்ணுவா?"

"யாரு காத்துகினு கீறாங்க? காட்டு."

காட்ட என்னிடம் எதுவும் இல்லை.

"எம்மேல கடுப்புன்னா எம்மூஞ்சப் பாத்து சொல்லு. இன்னாத்துக்கு ஊருக்கே சட்டம் போடற?"

"எங்கப்பாவை ஆஸ்பத்திரிக்கு அழைச்சுண்டு போனியே, எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா?"

டப்பாவைத் திறக்கப் போன கை நின்றது. "ரெக்கார்டிங் கேட்டியா?"

"என் கம்பெனி. கேப்பேன்."

அத்தனை வருடத்தில் 'என் கம்பெனி' என்று நான் சொன்னது அதுதான் முதல் தடவை. அவளுக்கும் அது கேட்டது.

"சொல்லாதன்னது அவரு" என்றாள் மெதுவாக. "ரெண்டாவது ஊசி போட்டதும் தானே சொல்றேன்னாரு. நான் இன்னா செஞ்சிருக்கணும்? கண்ணு போவட்டும்னு வுட்டிருக்கணுமா? ஒங்கிட்ட சொல்லாதது தப்புதான். ஆனா இன்னொரு தபா வந்தாலும் அதையேதான் செய்வேன்."

"உன்னை யாரும் எங்காத்து விஷயத்துல தலையிடச் சொல்லலை."

அவள் டப்பாவை மூடி எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். சாப்பிட்டாளா என்று தெரியாது. மாதக் கடைசியில் விலகிக்கொண்டாள். பங்கைப் பிரிப்பதில் எந்தத் தகராறும் செய்யவில்லை. நான் எழுதி நீட்டியதில் படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டாள். தகராறு செய்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"அவ ஏன் போயிட்டா?" என்று அப்பா ஒருநாள் சாப்பிடும்போது கேட்டார்.

"அவளுக்கு வேற ஐடியா இருந்தது. அது கிடக்கட்டும், உன் கண்ணு எப்படி இருக்கு?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். இப்போது யாரைப் பார்த்தாலும் முகத்துக்குச் சற்றுப் பக்கத்தில் பார்க்கிறார் என்பதை அன்றுதான் கவனித்தேன்.

"சொல்லிட்டாளா?"

"இல்லை. நானே தெரிஞ்சுண்டேன்."

"உங்கிட்டதான் மொதல்ல சொன்னேன்" என்றார். குற்றம் சொல்லும் குரல் இல்லை. ரசத்தை ஊற்றிக்கொண்டு, "அடுத்த ஊசி வியாழக்கிழமை" என்றார்.

வியாழக்கிழமை நான் அழைத்துப் போனேன். அதற்குப் பிறகும் ஒவ்வொரு தடவையும் நான்தான். முதல் நாள் அங்கிருந்த நர்ஸ் சொட்டு மருந்தை விட்டுக்கொண்டே, "போன தடவை வந்தது உங்க தங்கச்சியா மேடம்? சாரைச் சிரிக்க வச்சுக்கிட்டே இருந்தாங்க" என்றாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

அவள் திருவான்மியூரில், கோயிலுக்குப் பின்னால் புதிதாகக் குடிபோயிருந்த வீட்டு முன்னறையிலேயே தொடங்கிவிட்டாள். எங்கள் பழைய வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராக அங்கே போனார்கள். பாட்டு டீச்சர் எனக்கு போன் செய்து, "தப்பா எடுத்துக்காதேம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். பலர் சொல்லாமல் போனார்கள். அப்பாவும் போனார். வீட்டில் என் மேசையில் உட்கார்ந்துகொண்டு, என் இன்டர்நெட்டில், அவளுடைய கம்பெனியை அழைத்து, திரையில் இருப்பதைப் படித்துக் காட்டும் வசதியைப் பழகிக்கொண்டார். "நான் சொல்லித் தரேனேப்பா" என்றேன். "நீ பண்ணிக் குடுத்துடுவே. எனக்குத் தெரிஞ்சுக்கணும்" என்றார்.

எங்கள் கம்பெனி விழவில்லை. கிளினிக்குகள், டியூஷன் சென்டர்கள், கடைகள் என்று வந்தன. அவர்களுக்கு வேகம்தான் வேண்டும். பத்து நிமிடம் அவர்களுக்கே அதிகம். பார்க்கப்போனால் அவளுடையதைவிட என்னுடையது மூன்று மடங்கு பெரியது. ஆனாலும் யாராவது அவள் பெயரைச் சொன்னால் பேச்சை மாற்றிவிடுவேன்.

போன வருடம் அவளே அழைத்தாள். இரண்டு பெண்களைப் புதிதாக வேலைக்குச் சேர்த்திருக்கிறாள், நெட்வொர்க் கோளாறுகளைக் கண்டுபிடிக்க ஒருநாள் வந்து சொல்லித்தர முடியுமா என்று கேட்டாள். நேற்றுப் பேசிவிட்டு இன்று பேசுவது போலக் கேட்டாள். முடியாது என்று சொல்ல மூன்று காரணங்கள் தயாராக இருந்தன. வருகிறேன் என்றேன். அவளுடைய இடத்தைப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசைதான்.

சின்ன அறை. நான்கு மேசை. சுவரில் மாதா படம், அதன் கீழே யாரோ கொடுத்த கொலு பொம்மை. காலையிலிருந்து மூன்று மணிவரை சொல்லிக்கொடுத்தேன். அவளும் நோட்டுப் புத்தகத்தோடு முன்னால் உட்கார்ந்து எழுதிக்கொண்டாள். பெண்கள் டீ போடப் போனபோது சொன்னாள்:

"நீ ஒரு தபா பாத்தாலே எங்க கோளாறுன்னு சொல்லிருவ. எனுக்கு அது வரவே இல்லடி. தேனாம்பேட்டைல உன் படத்த அந்த பலகைல பாக்கசொல்லோ வயிறு எரியும். கஸ்டமராண்ட நான் இன்னாத்துக்கு அவ்ளோ நேரம் பேசிகினு இருந்தேன்னு நெனச்ச? பதில் தெரியாது. நீ உன் போன முடிச்சிட்டு இந்தப் பக்கம் திரும்பற வரிக்கும் அவங்கள புடிச்சி வெக்கணும். நாய்க்குட்டி பேரெல்லாம் அதுக்குத்தான்."

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். இத்தனை வருடம் அவளுக்கு வாய்த்த வரம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது, எனக்காகக் காத்திருந்த நேரம். இதைக் கேட்டு என் பொறாமை அடங்கியிருக்க வேண்டும். அடங்கவில்லை. தன் பொறாமையை இத்தனை சுலபமாக, டீக்குக் காத்திருக்கும் இடைவெளியில், அவளால் சொல்ல முடிந்ததே என்று அதற்கும் வயிறு எரிந்தது. என்னுடையதை நான் சொல்லவில்லை. வாய்வரை வந்தது. டீயும் வந்துவிட்டது.

நான்கு மணிக்குக் கிளம்பினேன். வாசல்வரை வந்து, "அடுத்த மாசமும் வாடி" என்றாள். பார்க்கலாம் என்றேன். திருவான்மியூர் பஸ் ஸ்டாண்டில் மயிலாப்பூர் வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். எங்கே போகிறேன் என்று காலையில் அப்பாவிடம் சொல்லியிருக்கவில்லை. ராத்திரி சாப்பிடும்போது நானே சொல்வதாக இருந்தேன். எப்படித் தொடங்குவது, எதைச் சொல்வது, எதை விடுவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"அங்க போயிருந்தியாமே" என்றார் அப்பா. "ரொம்ப நன்னா சொல்லிக் குடுத்தியாம். இப்பதான் அவ போன் பண்ணிச் சொன்னா."